மைக்ரோடோம் பிடிக்கும் கைக்குப் பெயர் இல்லையா?

புற்றுநோய் ஆய்வுக்கட்டுரை எதையாவது கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். மேற்கோள் பட்டியலுக்குச் சற்று முன்னால் நன்றியுரை என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். நிதி கொடுத்த அரசுத் துறைக்கு நன்றி, கருவியை இரவல் கொடுத்த துறைத்தலைவருக்கு நன்றி, அதற்கும் கீழே "தொழில்நுட்ப உதவிக்கு" என்று இரண்டு பெயர்கள். சில கட்டுரைகளில் அந்தப் பெயர்கள்கூட இருக்காது. "ஆய்வகப் பணியாளர்களுக்கு நன்றி" என்று மொத்தமாக முடித்துவிடுவார்கள். அந்த மொத்தத்துக்குள் ஒருத்தி நான்.

டிஎம்எல்டி முடித்துவிட்டு, படப்பையிலிருந்து பஸ் ஏறி, தாம்பரத்தில் மாறி, புறநகரில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வகத்துக்கு ஆறு ஆண்டுகளாக வேலைக்குப் போகிறேன். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த கட்டி ஃபார்மலினில் ஊறி எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவோம். மைக்ரோடோமில் நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவுவோம். சீவல் ரிப்பன் மாதிரி வரும். வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்த வேண்டும். பிளாக்கை ஐஸ் மேல் எவ்வளவு நேரம் வைப்பது, கொழுப்பு மிகுந்த மார்பகத் திசுவை எந்த வேகத்தில் சீவுவது என்பதில் பாதிதான் புத்தகத்தில் இருக்கிறது. மீதி விரலில் இருக்கிறது. என் விரல் தப்பினால், பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் தேடும் புற்றுநோய் ஒரு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனாலும் இதற்குப் பெயர் 'உதவி'.

எங்கள் ஆய்வகத்தில் யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை. கேட்க அவசியமே இல்லை. திசுவைத் தொடுவது, ஃபார்மலின் மாற்றுவது, கழிவைப் பிரித்து மஞ்சள் பையைக் கட்டுவது ஒரு பக்கம். அதிலிருந்து கிடைக்கும் எண்களைக் கணினியில் அலசுவது மறுபக்கம். முதல் பக்கத்தில் டெக்னீஷியன்கள் நாங்கள் மூன்று பேரும், துப்புரவு செய்யும் அக்காக்களும். எல்லோரும் சேரியிலிருந்து வருகிறவர்கள். மறுபக்கத்தில் இருக்கும் ஆசிரியர்களில் எங்கள் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் 1936 இல் எழுதிவிட்டார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் ஆய்வகத்தின் வருகைப் பதிவேடே போதுமானதாக இருந்தது.

தூய்மையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். செல் கல்ச்சர் அறையில் தூய்மைதான் சட்டம்: ஆல்கஹால் தெளித்த கையுறை, வடிகட்டிய காற்று, 37 டிகிரி வெப்பம். அந்த அறையில் வளரும் செல்களுக்கு நாங்கள் ஊற்றும் உணவில் வழக்கமாகப் பத்து சதவீதம் சீரம். சினையாக இருக்கும் பசுவை அறுக்கும்போது கிடைக்கும் கன்றுக்கருவின் இரத்தத்திலிருந்து எடுப்பது அது. உலகத்தின் பெரும்பாலான புற்றுநோய் ஆய்வகங்கள் இந்த மாட்டு இரத்தத்தில்தான் ஓடுகின்றன. பாட்டில் விலை அதிகம், அதனால் ஃப்ரீஸரில் வைத்துப் பூட்டுகிறோம். அதே மாடியில், மதியச் சாப்பாட்டு மேசையில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால், "இங்கே வேண்டாமே, வாசனை வருது" என்கிறார்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி உணவகத்தில் சைவம் சாப்பிடுவோருக்குத் தனி வாசல், தனி கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டியதும், எதிர்ப்பு கிளம்பியபின் கிழித்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் மாடியில் அறிவிப்பெல்லாம் ஒட்டுவதில்லை. முகச்சுளிப்பே போதும்.

ஆய்வகத்தில் யாருக்குப் பெயர் கிடைக்கிறது என்ற கேள்விக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1951 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலேயே ஒரு துண்டை வெட்டினார்கள். மனித உடலுக்கு வெளியே சாகாமல் பெருகிய முதல் மனித செல்கள் அதிலிருந்து வந்தன. ஹீலா செல்கள் என்று இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. அந்தத் துண்டை நறுக்கிக் குழாய்களில் இட்டு வளர்த்தவர் மேரி குபிசெக் என்ற இளம் டெக்னீஷியன். 1952 இல் வெளிவந்த ஆய்வுச் சுருக்கத்தில் ஆசிரியர்களாக மூன்று பெயர்கள் இருக்கின்றன. மூன்றாவது குபிசெக். ஆக, டெக்னீஷியன் பெயரைப் போடுவது நடக்காத காரியம் அல்ல. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. வெள்ளையினப் பெண்ணுக்கு நடந்தது. செல்லைத் தந்தவருடைய பெயரையோ பல ஆண்டுகள் 'ஹெலன் லேன்' என்று தவறாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் குடும்பத்துடன் தெர்மோ ஃபிஷர் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது 2023 இல்.

அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின டெக்னீஷியன் இருந்தார். முன்பு வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வக வேலையைச் செய்துகொண்டே துப்புரவுப் பணியாளராகப் பதிவாகி, அந்தச் சம்பளம் வாங்கியவர். 1944 இல் நீலம் பாரித்த குழந்தையின் இதய அறுவையின்போது, சர்ஜன் பிளாலாக்கின் பின்னால் ஒரு ஸ்டூலில் நின்று வழிசொன்னார். மறு ஆண்டு வந்த கட்டுரையில் பிளாலாக் பெயரும் டவுசிக் பெயரும் மட்டுமே இருந்தன. தாமஸுக்கு கௌரவ டாக்டர் பட்டம் 1976 இல் வந்தது.

லாக்ஸின் கதையைப் படித்தபிறகு பிளாக்கில் எண் எழுதும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கிறது. காலையில் வாலாஜாபாத் சாலையில், காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக காஞ்சிபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மாக்களைப் பார்க்கிறேன். ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பலர் என் அத்தை வயது, என் அத்தை நிறம், என் அத்தை கட்டும் அதே நூல் சேலை. எங்களிடம் வரும் கட்டிகளும் இப்படிப்பட்டவர்களுடையவைதான். திசுவும் எங்களுடையது, அதைச் சீவும் கையும் எங்களுடையது. பெயர் மட்டும் வேறு யாருடையதாகவோ இருக்கிறது.

"படித்து மேலே வர வேண்டியதுதானே?" என்று கேட்கும் நண்பர்களுக்கு: மேலே உள்ள கதவில் பூட்டைத் தொங்கவிட்டது நாடாளுமன்றம். ஒன்றியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுக்காக 2019 இல் நிறைவேறிய சட்டத்தின் 4ஆம் பிரிவு, 'சிறப்புமிக்க' நிறுவனங்கள் சிலவற்றுக்கு விலக்கு தருகிறது. அந்த அட்டவணையில் இருக்கும் ஒன்று, மும்பை டாடா நினைவு மையம். நாட்டின் மிகப்பெரிய புற்றுநோய் நிறுவனங்களில் ஒன்று அது. நம் பக்கத்துத் தரமணி கணித அறிவியல் நிறுவனமும், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அதே அட்டவணையில் உண்டு. சிறப்பு இருக்குமிடத்தில் நாங்கள் இருக்கக்கூடாது என்பதைச் சட்ட மொழியில் இவ்வளவு மரியாதையாக எழுத முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கீழேயும் கதை அதுதான். 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் இடஒதுக்கீடு உண்டு என்பது ஒன்றிய அரசு 1968 இல் போட்டு, 2018 இல் திரும்ப நினைவூட்டிய உத்தரவு. எங்கள் திட்டத்துக்கு வரும் பணமும் ஒன்றிய அரசின் பணம்தான். ஆனால் நியமனம் பல்கலைக்கழகத்துடையது, அதுவும் 'திட்டப்பணி'. பதினோரு மாதம் வேலை, ஒருநாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். பிஎஃப் கிடையாது. மகப்பேறு விடுப்பு கேட்டவர் திரும்பி வந்தபோது அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் முதன்மை ஆய்வாளர் கெட்டவர் அல்ல. தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருவார். பெயரைப் பற்றிக் கேட்டபோது, "கட்டுரையை எழுதியவர்கள்தான்மா ஆசிரியர்" என்றார். விதி பாதி சரி. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறிப்படி, தரவைத் திரட்டுவதும் ஒரு பங்களிப்பு. அதோடு எழுத்திலோ திருத்தத்திலோ பங்கெடுத்து, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, பொறுப்பும் ஏற்கவேண்டும். ஆனால் அதே நெறி இன்னொன்றும் சொல்கிறது: எழுதும் வாய்ப்பையே கொடுக்காமல் வைத்துவிட்டு, எழுதவில்லை என்று காரணம் காட்டி ஒருவரை விலக்கக்கூடாது. இந்த வரியை எங்கள் ஆய்வகத்தில் யாரும் படித்துக்காட்டியதில்லை. நாங்களாகத்தான் தேடிப் படித்தோம்.

ஆய்வு மாணவர்களாக இருக்கும் தோழர்களே, உங்கள் கட்டுரையின் பெயர்வரிசையை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு உங்கள் டெக்னீஷியனை அழைத்திருக்கிறீர்களா? அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு திட்டத்தின் பணியிடமும் இனச்சுழற்சிப் பட்டியலுக்குள் வரவேண்டும் என்று உங்கள் அமைப்புகளின் கோரிக்கைத் தாளில் ஒரு வரியாவது இருக்கிறதா?

வாய்ப் புற்றுநோய்த் திசுக்களைப் பற்றிய எங்கள் அடுத்த கட்டுரையின் வரைவு இப்போது தயாராகிறது. செய்முறைப் பகுதியை நாங்கள் எழுதித் தருகிறோம், ஆசிரியர் வரிசையில் எங்களையும் சேருங்கள் என்று மூன்று பேரும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். எழுதியும் வைத்துவிட்டோம், ஆறு பக்கம். திட்டம் மார்ச்சில் முடிகிறது.