தள்ளுவண்டியில் தொடங்கினால் கௌரவம் போய்விடுமா?

மதுரை நெல்பேட்டையிலும் மஹபூப்பாளையத்திலும் கோரிப்பாளையத்திலும் மாதம் தவறாமல் கடைத் திறப்பு விழாக்கள் நடக்கின்றன. வண்ண விளக்குகள் எரிகின்றன. ஹஜ்ரத் வந்து துஆ ஓதுகிறார். ஜமாஅத் தலைவர் ரிப்பன் வெட்டுகிறார். வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க்கும் சமோசாவும் கிடைக்கின்றன. மகிழ்ச்சிதான்! ஆனால் அடுத்த நோன்புப் பெருநாள் முடிந்ததும் அதே தெருவுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை கடைகளின் ஷட்டரில் 'கடை வாடகைக்கு' என்ற அட்டை தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இழுத்து மூடப்பட்ட அந்தக் கடைக்குள் இருந்தது யாருடைய பணம்? எட்டு வருடம், பத்து வருடம் சபரில் வெயிலில் வெந்த ஒரு சகோதரனின் பணம். சில வீடுகளில் லாத்தாவின் நகையும் அதில் உண்டு. கடை போனால் அவன் என்ன செய்கிறான்? மறுபடியும் விசாவுக்கு ஏஜெண்டைத் தேடி அலைகிறான். 'நம்ம பிள்ளைகளுக்கு வியாபாரம் வராது' என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம்.

வியாபாரம் வராதா? கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை விரித்த பாட்டனார்களின் பேரப் பிள்ளைகளுக்கா வராது? வரும், சகோதரர்களே! கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கையில் 6 லட்சம் ரூபாயுடன் ஓர் இளைஞர் ரெடிமேட் கடை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை அட்வான்ஸ் 2 லட்சம். கண்ணாடி, விளக்கு, ஏ.சி., பெயர்ப் பலகை என்று இரண்டரை லட்சம். திறப்பு விழா, விருந்து, பேனர் என்று 50 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்துக்குத்தான் சரக்கு! இனி மாதச் செலவைப் பாருங்கள். வாடகை 15 ஆயிரம், ஒரு பையனுக்குச் சம்பளம் 12 ஆயிரம், கரண்ட் 3 ஆயிரம். ஆக 30 ஆயிரம். நூறு ரூபாய்க்கு விற்றால் 15 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், இந்த 30 ஆயிரத்தை எடுப்பதற்கே மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு விற்றாக வேண்டும். தினமும் ஏறக்குறைய 6,700 ரூபாய். வீட்டுக்கு ஒரு பைசா இன்னும் போகவில்லை! 1 லட்சம் ரூபாய்ச் சரக்கை வைத்துக்கொண்டு, நாலு கலரும் ரெண்டு சைஸும் மட்டுமே உள்ள அலமாரியைக் காட்டி, இதை எப்படி விற்பது? வந்தவர் 'அப்புறம் வர்றேன் பாய்' என்று போகிறார். பிறகு வருவதேயில்லை.

கடை திறந்த அன்றே மூலதனத்தை நாம் கொன்றுவிடுகிறோம். சுவரில் ஒட்டிய பணம் திரும்பி வராது. சரக்கில் போட்ட பணம்தான் சுழன்று வரும்.

இதே மதுரையில் நம் கண்முன்னால் இருக்கும் ஒரு பாடத்தை ஏன் பார்க்க மறுக்கிறோம்? விளக்குத்தூண் அருகே இருக்கும் 'ஃபேமஸ் ஜிகர்தண்டா'வைத் தெரியாதவர் யார்? ஐஸ்கிரீம் விற்றுப் பிழைத்த ஷேக் மீரான் என்ற பெரியவர் 1977-ல் தொடங்கிய வியாபாரம் அது. தொடங்கியது தள்ளுவண்டியில். ஏ.சி. இல்லை, ரிப்பன் இல்லை. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பாசந்தி ஐஸ்கிரீம். அவ்வளவுதான் சரக்கு. ஒரே ஒரு பொருள்! அந்தப் பொருளின் பெயரோடு இன்று மதுரையின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீனாட்சி கோயிலுக்கு வருகிறவரும் அதைக் குடிக்காமல் ஊர் திரும்புவதில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்று அதற்குக் கிளைகள் இருக்கின்றன.

அந்தத் தள்ளுவண்டி நமக்குச் சொல்வது என்ன? முதலாவது, தோற்றாலும் வீடு மூழ்காத அளவில் தொடங்கு என்பது. இரண்டாவது, ஒரு பொருளைப் பிடித்தால் அதில் உன்னை மிஞ்ச ஆள் இருக்கக் கூடாது என்பது. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? செல்போன் கவர், ரீசார்ஜ், அத்தர், தொப்பி, பேரீச்சம்பழம், ஜெராக்ஸ் எல்லாம் ஒரே கடையில்! எதைக் கேட்டாலும் இருக்கிறது, எதுவும் முழுதாக இல்லை.

மூன்றாவது விஷயம் இன்னும் முக்கியம். அந்த வண்டியின் முன்னால் நின்றவர்கள் ஊர் முழுவதிலுமிருந்து வந்தவர்கள். நம் மஹல்லாவை மட்டும் நம்பிக் கடை வைத்தவர் பலர், நம் மஹல்லாவின் கடன் நோட்டோடு கடையை மூடியிருக்கிறார்கள். 'நம்மவர் கடையில் வாங்குங்கள்' என்று நாம் எழுதலாம். ஆனால் பொருள் மட்டமாக இருந்தால் நம்மவரும் வாங்க மாட்டார், வாங்கவும் வேண்டியதில்லை. 'பாய் கடையில் எடை சரியாக இருக்கும்' என்று மேலூர்க்காரரும் உசிலம்பட்டிக்காரரும் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு இல்லை.

தள்ளுவண்டி என்றதும் முகம் சுளிக்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. தெருவோர வியாபாரம் இன்று சட்டம் அங்கீகரித்த தொழில். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு அடையாள அட்டையும் விற்பனைச் சான்றும் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. மாநகராட்சியில் கேட்டு வாங்குங்கள். போலீஸ்காரரைக் கண்டு ஓடுவதைவிட அது மேல்.

தொழிலைக் கற்றுக்கொண்டா நாம் இறங்குகிறோம்? இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சிவகாசி. வானம் பார்த்த பூமி. அங்கிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் 1922-ல் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலை அங்கே கற்றுக்கொண்டு, 1923-ல் ஊர் திரும்பித் தொழிற்சாலை வைத்தார்கள். அந்த இருவரின் பயணம் ஓர் ஊரின் தலையெழுத்தையே மாற்றியது. நம் பிள்ளை பிரியாணிக் கடை வைக்கிறான், ஆனால் மாஸ்டர் லீவு போட்டால் அன்று கடையும் லீவு! தையல் தெரியாதவர் புர்கா கடை வைக்கிறார். பணம் போடும் முன்பு ஆறு மாதம், ஒரு வருடம், அதே தொழிலில் இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு நில்லுங்கள். சரக்கு எங்கே வருகிறது, எந்த மாதம் ஓடும், எந்த மாதம் தூங்கும், யார் கடன் சொல்லிக் கம்பி நீட்டுவார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சவூதியில் கஃபீலுக்கு வேலை பார்த்த நமக்குக் கீழமாசி வீதியில் வேலை பார்க்க என்ன வெட்கம்?

கீழமாசி வீதி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுரைக்குள்ளேயேதான் கடை வைக்க வேண்டுமா? திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான சின்னக் கடைகள் இருக்கின்றன. சரக்கு எடுக்க ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு, பஸ் ஏறி, மதுரைக்கு வந்து மூட்டை சுமந்து போகிறவர்கள் உண்டு. ஒரு டூவீலரில் தொடங்கி, பிறகு ஒரு லோடு ஆட்டோவில், அவர்கள் வாசலுக்கே சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் லைன் வியாபாரம் செய்தால் அட்வான்ஸும் இல்லை, அலங்காரமும் இல்லை. வாரம் தவறாமல், சொன்ன கிழமையில் போய் நிற்கும் ஒழுங்கு மட்டும் வேண்டும். இரவு ஒரு மணி வரை டீக்கடை பெஞ்சில் அரசியல் பேசிவிட்டுக் காலை பதினொரு மணிக்கு எழுபவர்களுக்கு இது சரிப்படாது!

அடுத்து, கூட்டு வியாபாரம். மாமுவும் மச்சானும் சேர்ந்து தொடங்குகிறார்கள். 'நமக்குள்ளே என்ன எழுத்து' என்கிறார்கள். இரண்டு வருடத்தில் கடையும் போய், உறவும் போய், பஞ்சாயத்து ஜமாஅத்துக்கு வருகிறது. திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று நம் இளைஞர்களைக் கேளுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது பேசுவது எதைப் பற்றி? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றி! எழுதுவது சந்தேகப்படுவது ஆகாது. யார் எவ்வளவு போட்டார், யார் உழைக்கிறார், லாபத்தில் யாருக்கு என்ன பங்கு, நஷ்டம் வந்தால் எப்படி, பிரிவதானால் எப்படி என்று முத்திரைத் தாளில் எழுதுங்கள். எழுதியதைப் பதிவும் செய்யுங்கள். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தனக்கு வர வேண்டிய பாக்கிக்காகப் பொதுவாக வழக்குப் போட முடியாது. பங்குதாரர் பங்குதாரர் மீது ஒப்பந்த உரிமை கேட்டு வழக்குப் போடவும் அதே தடைதான்.

கணக்கு என்றால் பெரிய படிப்பு இல்லை. கடைப் பெட்டி வேறு, வீட்டுப் பெட்டி வேறு. அவ்வளவுதான். அத்தா வந்து ஐந்நூறு எடுத்தாலும் நோட்டில் எழுத வேண்டும். முதலாளியான நீங்களும் உங்களுக்கு ஒரு சம்பளம் வைத்து, அதற்கு மேல் தொடக்கூடாது. பெருநாள் விற்பனைப் பணத்தைப் பார்த்துப் பைக் வாங்கியவர், அடுத்த மாதம் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட முடியாமல் திணறுவதைப் பார்க்கிறோம். அந்தப் பணத்தில் முக்கால்வாசி சரக்குக்காரருடையது என்பதை அவர் மறந்துவிட்டார்.

அப்படித் திணறும் நேரத்தில்தான் தண்டல்காரர் வந்து நிற்பார். காலையில் கொடுத்து மாலையில் வாங்குவார். தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மார்க்கம் அதற்கு ஆயிரத்து நானூறு வருடம் முன்பே தடுத்துவிட்டது. இரண்டு தடையையும் தாண்டிப் போய் மாட்டிக்கொள்கிறோமே, ஏன்? அவசரத்துக்குக் கைகொடுக்க நம்மிடம் ஏற்பாடு இல்லை. விருதுநகரிலும் சிவகாசியிலும் நாடார் சமுதாய வியாபாரிகள் விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று 'மகமை' எடுத்துப் பொதுவில் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. நம் மஹல்லாக்களில் பைத்துல்மால் என்ற பெயர்ப் பலகை இருக்கிறது. அதில் வட்டியில்லாக் கடன் வாங்கி வண்டியோ தராசோ தையல் மெஷினோ வாங்கியவர் எத்தனை பேர்? பள்ளிவாசலுக்கு மூன்றாவது முறையாக டைல்ஸ் மாற்றும் நிர்வாகிகள் பதில் சொல்லட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வட்டி இல்லை, லாபப் பங்குதான், ஹலால்' என்று தாடியும் தொப்பியுமாக வந்து பணம் கேட்பவரிடமெல்லாம் கொடுத்துவிடாதீர்கள். பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்ற நிறுவனம் அப்படித்தான் வசூலித்தது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் மன்சூர் கான் நாட்டை விட்டே போனார். ஜூலையில் டெல்லியில் வந்து இறங்கியபோது கைதானார். ஏமாந்தவர்கள் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பத்தினர். வியாபாரத்தில் மாதாமாதம் ஒரே லாபம் வராது என்பது கடையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். அப்படித் தருவதாக ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

அரசாங்கக் காகிதங்களைக் கண்டும் பயப்பட வேண்டாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இணையத்தில் நடக்கிறது, கட்டணமே கிடையாது. அதற்கு இரண்டாயிரம் கேட்கும் புரோக்கரைத் திருப்பி அனுப்புங்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். தராசுக்கு முத்திரை வேண்டும். பொருள் விற்பனை மட்டும் செய்பவருக்கு, தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால், வருட விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஹோட்டல் நடத்துபவருக்கு வரம்பு 20 லட்சம்தான், கவனம்.

பெயரையும் பதிவு செய்து வைக்க வேண்டும். இன்று மதுரையில் நடந்தால் ஜிகர்தண்டா கடைகளில் பாதிக்கு மேல் 'ஃபேமஸ்' என்ற சொல்லையோ அதைப் போன்ற ஒன்றையோ மாட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியூர்க்காரருக்கு எது எது என்றே தெரியாது. 'ஃபேமஸ்', 'ஸ்டார்', 'நியூ' போன்ற எல்லோரும் வைக்கும் பெயர்களைக் காப்பாற்றுவது கஷ்டம். உங்களுக்கென்று ஒரு பெயரை யோசித்து வைத்து, வியாபாரம் காலூன்றியதும் டிரேட்மார்க் பதிவு செய்யுங்கள். ஒரு முறை பதிந்தால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

விளம்பரத்துக்குப் பேனர் கட்டுவதற்கு முன்பு, கூகுள் வரைபடத்தில் கடையை ஏற்றுங்கள். செலவில்லை. வாட்ஸ்அப்பில் விலையோடு பொருளின் படத்தைப் போடுங்கள். விலையைப் போடாமல் 'இன்பாக்ஸில் வாங்க' என்பவரிடம் யாரும் போவதில்லை. ஜும்ஆவுக்குக் கடை அடைத்தால் எத்தனை மணிக்குத் திரும்பத் திறக்கும் என்று எழுதித் தொங்கவிடுங்கள், அந்த மணிக்குத் திறங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ரமலானுக்கு மூன்று மாதம் முன்பே, தொழில் தொடங்க விரும்பும் பத்து இளைஞர்களின் பெயரை எழுதுங்கள். மஹல்லாவில் முப்பது வருடம் கடை நடத்திய இரண்டு பெரியவர்களை அவர்களோடு உட்கார வையுங்கள். ஆளுக்கொரு தள்ளுவண்டியோ மேஜையோ வாங்கும் அளவுக்குப் பைத்துல்மாலிலிருந்து கடன் கொடுங்கள். நோன்பு மாதம் முழுவதும் அஸருக்குப் பிறகு அவர்கள் விற்கட்டும், ராத்திரி தராவீஹ் முடிந்ததும் அந்தப் பெரியவர்கள் முன்னால் நோட்டைத் திறந்து கணக்குக் காட்டட்டும். பெருநாள் முடிந்ததும் அந்தப் பத்து நோட்டையும் பார்த்துவிட்டு, யாருக்குக் கடை பிடித்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.