முதல் உறைக்குள் இருக்கும் சாதி

பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, விடுதிக்குக் கட்டில் என்று அரசு டெண்டர்களுக்கு எழுதிக் கொடுப்பவன் நான். ஜெயிக்கிற டெண்டரை எப்படி எழுதுவது என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேட்ட சான்றில் ஒன்றையும் விடாதே, கூட்டலைச் சரிபார், நேரத்தோடு போடு. இது தொழில். ஆனா ஜெயிப்பு அங்க இல்ல.

உறை இரண்டு. முதல் உறையில் தகுதி; இரண்டாவதில் விலை. முதல் உறையில் தோற்றவனின் விலையைப் பிரித்தே பார்க்க மாட்டார்கள். மூன்று வருட விற்றுமுதல், இதே வேலையில் முன் அனுபவம், முன்வைப்புத்தொகை என்று கேட்கிறான். நிலமும் கடையும் வங்கிக் கடனும் மறுக்கப்பட்டவனுக்கு ஏது விற்றுமுதல்? வேலையே கொடுக்காமல் அனுபவம் கேட்டால் எங்கே போவது? கல்லூரி வாசலில் நம்மைத் தடுத்த அதே 'தகுதி'தான் இங்கே உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் 1998 டெண்டர் சட்டத்துக்குப் பெயரிலேயே வெளிப்படைத்தன்மை. வெளிப்படையாகத்தானே நம்மைத் தள்ளுகிறார்கள்! மத்திய அரசின் 2012 ஆணை கொள்முதலில் 4 விழுக்காட்டைத் தலித், பழங்குடித் தொழில்முனைவோருக்கு ஒதுக்கியது. ஆண்டுக்கணக்காக அது எட்டப்படவில்லை. கர்நாடகம் 2017-இல் 50 லட்சம் வரையிலான பணிகளில் 24.1 விழுக்காட்டைச் சட்டமாகவே ஒதுக்கியது. இங்கே 2025-இல் விடுதிகளுக்குச் 'சமூகநீதி' என்று பெயர் வைத்தார்கள். போர்டு மாறிச்சு. கட்டில் சப்ளை பண்றவன் மாறினானா?

பெரிய டெண்டரைச் சின்னச் சின்னதாக உடை. கல்வித்துறைக் கொள்முதலில் பங்கு கொடு. மாணவர்களே, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: முதல் உறையில் தள்ளப்பட்டவர் யார், எந்த நிபந்தனையால்? நம்ம பிள்ளைங்க பேரைச் சொல்லி ஒதுக்குற பணம் யார் வீட்டுக்குப் போகுதுன்னு கேட்போம்.