குடிவந்தாரும் குடிபெயர்ந்தாரும்

புதுச்சேரியை ஊடறுத்து ஓடுவது பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே கடலோரம் வெள்ளையர் குடியிருப்பு; மேற்கே தமிழர் குடியிருப்பு. முன்னதை ‘வெள்ளை நகர்’ என்றும் பின்னதைக் ‘கறுப்பு நகர்’ என்றும் வழங்கிற்று பிரெஞ்சு ஆட்சி. 1954 நவம்பர் 1-ஆம் நாள் அவ்வாட்சி கொடியிறங்கிற்று. 1962 ஆகத்து 16-ஆம் நாள் சட்டப்படியும் ஒழிந்தது. ஒழிந்து அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் அவ்வாய்க்கால் இட்ட கோடு மட்டும் அழிந்தபாடில்லை! அன்று அக்கோட்டைக் காத்தவை படையும் ஆணையும். இன்று காப்பது பணம்.

பிரான்சிலிருந்தும் பிற மேனாடுகளிலிருந்தும் வந்து இந்நகரில் ஆண்டுக்கணக்கில் தங்குவோர் தொகையால் மிகுதியானவர் அல்லர். ஆயினும், ஒரு யூரோவுக்குத் தொண்ணூறு உருபாவுக்கு மேல் கிடைக்கும் நிலையில், பாரீசில் ஓர் அறைக்குக் கொடுக்கும் குடிக்கூலியில் புதுச்சேரியில் முழு வீட்டையே பிடித்துவிடலாம். அவர் ஒருமுறை ஒப்பிய கூலியே மறுநாள் அத்தெருவின் கூலியாகின்றது. அடுத்து வீடு தேடி வரும் தமிழாசிரியனும் தறிகாரனும் அக்கூலியைக் கேட்டு, முத்தியால்பேட்டைக்கும் இலாசுப்பேட்டைக்கும் அப்பால் வில்லியனூருக்கும் நடையைக் கட்ட வேண்டியதுதான். வந்தவர் கூட்டித் தருவதாகச் சொன்னாரா? இல்லை, அவர் வாய் திறக்குமுன்பே வீட்டுக்காரன் கூட்டி வைத்திருக்கின்றான். அவனும் தமிழனே!

திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாகக் கட்டப்பெற்ற தமிழ் வீடுகள் வைசியாள் வீதியிலும் அதனை அடுத்த தெருக்களிலும் இன்றும் உள்ளன. அவற்றைச் செப்பனிட்டது நற்பணியே; யாரும் மறுக்கவில்லை. ஆனால், செப்பனிட்ட வீடுகளில் பல தங்குவிடுதிகளாயின. திண்ணை இருக்கின்றது, அதில் உட்காரும் வழிப்போக்கன் இல்லை. முற்றம் இருக்கின்றது, அதில் நெல் உலர்த்தும் கிழவி இல்லை. குடியில்லாத வீட்டைத் தமிழர் பண்பாடு என்று காட்டிக் காசு வாங்குவதற்குப் பெயர் மரபுக் காப்பாம்!

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. புதுச்சேரி உழைத்து உண்ட நகர். 1936 சூலை 30-ஆம் நாள் பிரெஞ்சுப் படையின் துமுக்கிக் குண்டுகளுக்கு ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் இரையாகி, எட்டு மணி நேர வேலையை வென்ற நகர். 1898-இல் தோன்றி, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020-இல் மூடப்பட்டது. ஆலை போனபின் எஞ்சியது சுற்றுலா ஒன்றே. எட்டு மணி நேரத்துக்காக மாண்டவர் ஊரில், மணிக்கணக்கு நோக்காமல் தட்டேந்தி நிற்கின்றான் இளைஞன். உணவுப் பட்டியலில் ஆங்கிலம் உண்டு, பிரெஞ்சு உண்டு. தமிழைத் தேடத்தான் வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்தவன் அங்கே உண்ண வரமாட்டான் என்பது கடைக்காரனின் துணிபு போலும்!

‘சொல்தா’ என்று ஊரார் அழைக்கும் பழைய பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களை ஈண்டுச் சேர்த்தல் பிழை. 1962-இல் ஒப்பந்தப்படி ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர் அவர், தமிழரே. அவர்தம் ஓய்வூதியமும் மனைவிலையை ஏற்றியதுண்டு. எனினும் அவர் வந்தேறியர் அல்லர்.

நகருக்கு வடக்கே, தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தில், 1968 பிப்பிரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பெற்றது ஆரோவில். செம்மண் மேட்டைக் காடாக்கிய அவ்வயலாரின் உழைப்பு பெரிது. அதைக் குறைத்துப் பேசுதல் நன்றிகொன்ற செயல். ஆனால், தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், சமற்கிருதம் என நான்கைத் தன் மொழிகளாக அறிவித்த அக்குடியிருப்பின் நடைமுறையில் ஆங்கிலமே கோலோச்சுகின்றது. குயிலாப்பாளையத்தையும் எடையன்சாவடியையும், சம்பந்தர் பாடிய இரும்பையையும் அண்டை ஊர்களாகக் கொண்டும், அதன் குடியிருப்புகளுக்குப் பிரெஞ்சுப் பெயரும் ஆங்கிலப் பெயரும் சமற்கிருதப் பெயருமே மிகுதி. மண் தமிழ்மண்; மண்வெட்டி பிடித்த கை தமிழ்க்கை; பெயர் மட்டும் பிறர் பெயரா?

அயலார் தமிழ் கற்கமாட்டார் என்பது பொய். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சுவா குரோ பரிபாடலை முழுதும் பிரெஞ்சில் பெயர்த்து 1968-இல் வெளியிட்டார். அவரை அயலார் என்று எந்தத் தமிழன் சொன்னான்? கற்றவரைத் தமிழகம் தலைமேல் வைத்துக் கொண்டாடும். கல்லாமலே இருபதாண்டு வாழ்ந்து, காய்கறிக்காரியையும் வண்டிக்காரனையும் ஆங்கிலம் கற்க வைப்பவரைப் பற்றியதே வழக்கு.

மொழி கேட்பது குறுகிய மனமென்று சிலர் மூக்கைச் சுளிப்பர். பிரான்சு என்ன செய்கின்றது என்று அவர் பார்க்கட்டும். குடியரசின் மொழி பிரெஞ்சே என 1992-இல் தன் அரசியற் சட்டத்தில் பொறித்தது அந்நாடு. விளம்பரத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் பிரெஞ்சு வேண்டுமென 1994-இல் சட்டம் செய்தது. குடியேறுவோர் காட்ட வேண்டிய மொழித்தேர்ச்சியின் அளவை 2024 சனவரிச் சட்டத்தால் மேலும் உயர்த்திற்று. பாரீசில் பிழைக்கப் போன புதுச்சேரித் தமிழன் அத்தேர்வை எழுதித்தான் ஆகவேண்டும், எழுதுகின்றான், முணுமுணுப்பதில்லை. பாரீசில் அறமாவது புதுச்சேரியில் வெறியாகுமோ?

பழியில் பெரும்பங்கு வந்தவர்க்கன்று. ‘பாண்டிச்சேரி’யைப் ‘புதுச்சேரி’ எனச் சட்டப்படி மாற்றவே 2006 வரை ஆயிற்று. பாவேந்தர் பாரதிதாசன் பிறந்த ஊரின் கதை இது! குடிவீடுகளை விடுதியாக்க எல்லை வகுக்கவும், பெயர்ப்பலகையில் தமிழை முதலில் எழுதுவிக்கவும், ஓராண்டுக்கு மேல் தங்கும் அயலார்க்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தவும் யார் தடை? 1956-இன் ஒப்பந்தமே, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் வேறு முடிவு செய்யும்வரைதான் பிரெஞ்சு ஆட்சிமொழி என்றது. அவ்வுறுப்பினர் 1965-இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றித் தமிழுக்கு இடம் தந்தனர். கூடவே ஆங்கிலத்தையும் விட்டுவைத்தனர். எஞ்சியதைச் செய்யும் உரிமை இன்றும் அதே பேரவையின் கையில்தான் கிடக்கின்றது.