பொட்டலம் சென்ற பாதை எது?

ஊவாத் தோட்டங்களின் இளைஞரைப் போதைப்பொருள் அரித்துத் தின்கின்றது. அதை விற்றுக் கொழுப்போர் எமது இரக்கத்திற்கு உரியவர் அல்லர். ஆயினும், அகப்பட்டவன் எல்லாம் குற்றவாளி என்னும் முடிவை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம்.

பசறை வீதியில் ஒரு முச்சக்கர வண்டி மறிக்கப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். உள்ளே மூவர், ஆசனத்தின் கீழ் ஒரு பொட்டலம். அருகில் அமர்ந்திருந்தமையால் மட்டும் ஒருவன் அதன் உடைமையாளன் ஆகிவிடுவானா? அவன் அதை அறிந்திருந்தான், அது அவன் கைவசம் இருந்தது என்பவற்றை அரச தரப்பே நிரூபித்தல் வேண்டும். மரக்கறி ஏற்றிச் செல்லும் வெலிமடை விவசாயியின் லொறிக்கும் இதே நியாயந்தான்.

இதில் பணயமாக இருப்பது ஓர் உயிர். 1984 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுட் சிறை என விதித்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஐஸ்' எனும் மெத்தம்பெட்டமினையும் கொடுந்தண்டனைக்குரிய பொருள்களுடன் சேர்த்தது.

பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு ஏற்பதில்லை. ஆகவே வழக்கின் பாரம் முழுவதும் அப்பொட்டலத்தின் மீதே நிற்கின்றது. அதுவோ பதுளையிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீற்றர் கடந்து பத்தரமுல்லையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளரைச் சென்றடைய வேண்டும். யார் நிறுத்தார்? எங்கே முத்திரையிட்டார்? எவர் பொறுப்பில் எத்தனை நாள் இருந்தது? எவரும் கைவைத்திருக்கலாம் என்ற ஐயத்திற்கு இடமின்றி இப்பயணம் நிரூபிக்கப்பட வேண்டுமென மேன்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த நெறி, 1998 ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் பதிவாகியுள்ளது.

மொழியறியாதவருக்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை அளிக்கின்றது. ஆனால், நள்ளிரவில் வீதியோரத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட தாளில் ஒப்பமிடுமாறு பணிக்கப்படும் தொழிலாளிக்கு மொழிபெயர்ப்பாளர் யார்?

2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரவர் கைதாயினர். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கோரினர். கைதுத் தொகை பெருகுவதனால் நீதி பெருகிவிடாது.

நாம் வேண்டுவன மூன்று. பொட்டலம் அகப்பட்டவன் கண்முன்னே நிறுக்கப்பட்டு முத்திரையிடப்படுக. அவன் கூற்று தமிழில் எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்படுக. கைமாறிய ஒவ்வொரு வேளையும் ஒப்பத்துடன் பதியப்படுக. நேர்மையான பொலிஸாருக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. உண்மையான குற்றவாளிக்குத் தப்பும் வழியும் அடைபடும். பதுளைச் சட்டத்தரணிகள் இதனை நீதிமன்றத்தில் வற்புறுத்துவார்களாக. வாசிக்க இயலாத தாளில் ஒப்பமிடோம் என மக்களும் உறுதி கொள்வார்களாக.