ஒன்றரை ரூபாய் மலை



சென்ற மாதம் நம் பேரவைக் கூட்டத்தில் வந்த ஒரு யோசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மெஸ் பாக்கி கட்ட முடியாமல் படிப்பைப் பாதியில் விடுகிற நண்பர்களுக்காக ஒரு நிதி. அதற்குப் பணம் திரட்ட எல்லோரும் சேர்ந்து ஒரு மலை ஏறுவது. உடனே பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "நீ மலை ஏறினா அவன் எதுக்குடா காசு குடுப்பான்?" கூட்டமே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்.

நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், நான் அப்படி ஒரு மலை ஏறியவன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நமக்குத் தெரிந்த சூத்திரம்தான். எழுபது கிலோ ஆள் ஆயிரம் மீட்டர் ஏறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதை 9.8-ஆல் பெருக்கி, அதை ஆயிரத்தால் பெருக்கினால் 6,86,000 ஜூல். கரண்ட் கணக்கில் மாற்றினால் 0.19 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றே போட்டாலும் ஒன்றரை ரூபாய்! நாக்குத் தள்ளத் தள்ள நாம் ஏறுகிற மலையின் விலை ஒன்றரை ரூபாய்தான். ஆக, பணம் கொடுக்கிறவன் நம் உழைப்புக்குக் கொடுக்கவில்லை. இது நிச்சயம்.

பின்னே எதுக்குக் கொடுக்கிறான்?

சாண்ட்விச் கோர்ஸில் தொழிற்பயிற்சிக்காக நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு மாதம் இருந்தேன். டூல் ரூமில் எங்களோடு ஒரு ஹெல்பர் அண்ணன். காண்ட்ராக்ட் ஆள். பௌர்ணமி தவறாமல் போளூர் பக்கத்தில் இருக்கிற பர்வதமலைக்குப் போய்விடுவார். திரும்பி வந்து எல்லோர் நெற்றியிலும் விபூதி பூசிவிட்டு, "ஒரு தடவையாச்சும் வாங்க தம்பி, மேல நின்னு பாத்தா நம்ம கம்பெனியெல்லாம் ஒரு தீப்பெட்டி" என்பார். நாங்கள் போனதே இல்லை. ஓ.டி. இருந்தது, கிரிக்கெட் இருந்தது, தூக்கம் இருந்தது.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர் நெஞ்சுவலியில் இறந்துபோனார். வயது நாற்பதுகூட இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் கைக்குக் கிடைத்தது சொற்பம். அப்போதுதான் ஒரு ஃபிட்டர் அண்ணன் சொன்னார்: "அவன் கூப்பிட்ட மலைக்கு நாம போவோம்டா. போறோம்னு சொல்லி நாலு பேர்கிட்ட பணம் கேப்போம்."

இருபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு படிவம். நண்பர்களே, வெறுங்கையோடு போய்ப் பணம் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கூசும். அந்தப் படிவம் கையில் இருந்தபோது கூசவில்லை. "மலை ஏறப்போறேண்ணே" என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் சிரிப்பார், "உன்னால முடியுமாடா" என்பார், பேச்சு வளரும், அந்தப் பேச்சுக்குள்ளே இறந்தவரின் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். கேன்டீன் அக்கா ஐம்பது ரூபாய் கொடுத்தார். "ஜிபே பண்றேன்" என்று சொன்ன பெரிய மனிதர்கள் சிலர் இன்னும் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தென்மாதிமங்கலத்திலிருந்து ஏறினோம். முதலில் சாதாரணப் படிதான், அரட்டை அடித்துக்கொண்டே போனோம். மேலே போகப் போக அரட்டை நின்றது. பாறையில் கடப்பாறையை அடித்து வைத்த படி, தண்டவாளப் படி, ஏணிப் படி... கீழே பார்த்தால் பள்ளம். சங்கிலியைப் பிடித்த என் கை நடுங்கியதை மறைக்க, "வெல்டிங் சரியில்லைப்பா" என்று குறை சொல்லிக்கொண்டே ஏறினேன்.

பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். மேலே இருக்கிற கடைக்குத் தண்ணீர் பாட்டில் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். காலில் செருப்பில்லை. எங்கள் எல்லோர் மேலும் ஒரே டீ-ஷர்ட் இருப்பதைப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டார். ஃபோர்மேன் விளக்கிச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏறுனாத்தான் குடுப்பாங்களாமா?" என்றார். கிண்டல் எல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டார். எங்களுக்குப் பதில் வரவில்லை. அவர் போய்விட்டார்.

மறுநாள் கணக்கு எழுதும் வேலை டிரெய்னி என்பதால் என் தலையில் விழுந்தது. வசூல் 38,400. வேன் 7,500. டீ-ஷர்ட் 4,840. சாப்பாடு 3,200. பேனர் 600. ஆகச் செலவு 16,140. ரூபாய்க்கு 42 பைசா நாங்களே தின்று, உடுத்தி, சவாரி செய்து தீர்த்திருக்கிறோம்! தாளைப் பார்த்த ஃபிட்டர் அண்ணன் கத்திவிட்டார்: "அவன் புள்ளைங்க காசுல நாம பரோட்டா தின்னுருக்கோமாடா?"

ஆளுக்கு 735 ரூபாய் திருப்பிக் கட்டுவது என்று முடிவாயிற்று. உதவித்தொகை வாங்குகிற எனக்கு அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். இருபது பேர் கட்டினோம். இரண்டு பேர் "நாளைக்கு" என்றார்கள், அந்த நாளை வரவில்லை. கடைசியில் 36,960 ரூபாய் அந்தப் பிள்ளைகள் பேரில் போஸ்ட் ஆபீஸில் போடப்பட்டது.

எங்க ஆயா ஞாபகம்தான் எனக்கு அப்போது வந்தது. என் அப்பாவுக்குச் சின்ன வயதில் அம்மை கண்டு பிழைத்ததற்காக, முந்தானையை ஏந்தி ஏழு வீட்டில் மடிப்பிச்சை எடுத்துப் பழனிக்குப் போனவர். சொந்தமாக நிலம் இருந்த குடும்பம்தான். ஆனாலும் கையேந்தினார். அந்தக் காசு அப்படியே உண்டியலுக்குப் போனது. பஸ்ஸுக்கு அவர் கொடுத்தது நெல் விற்ற காசு. இரண்டையும் ஒரே முடிச்சில்கூட முடியமாட்டார் என்று அத்தை சொல்வார். ஸ்பான்சர் படிவம் ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். அதன் சட்டதிட்டத்தை எங்க ஆயாவிடம் கேட்டிருக்கலாம்.

வெளிநாட்டிலும் இதே சங்கதிதான். 2009-ல் பாடகர்கள், டி.வி. பிரபலங்கள் என ஒன்பது பேர் தான்சானியாவில் இருக்கிற கிளிமஞ்சாரோ மலையில், 5,895 மீட்டர் உச்சிக்கு ஏறினார்கள். 30 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மலையில் வருகிறவர்களின் மூட்டையையும் கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு உள்ளூர்ச் சுமைக்காரர்கள் கூடவே ஏறுகிறார்கள். போட்டோவில் அவர்களை நீங்கள் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே பின் பெஞ்சு நண்பனுக்கு என் பதில் இது. அவன் மலைக்குக் கொடுக்கவில்லை. நம் கைக்காசும் ஒரு நாளும் போகிறது என்று பார்த்தபிறகு, 'இவன் சும்மா கேட்கவில்லை' என்று நம்பிக் கொடுக்கிறான். நம் பஸ் சார்ஜையும் அவன் காசிலேயே கழித்தால் அந்த நம்பிக்கைக்கு என்ன பொருள்?

பேரவை இந்த மலையை ஏற வேண்டும் என்பதே என் கட்சி. டீ-ஷர்ட் வேண்டாம். பேனரும் வேண்டாம். குறிப்பாக, மெஸ் பாக்கி உள்ளவன் பேர் எந்தத் தாளிலும் வரவே கூடாது, அவனும் நம்மோடு ஏறுவான். காலில் காலிப்பர் போட்ட நம் எலக்ட்ரிகல் நண்பன் அடிவாரத்தில் வசூல் நோட்டோடு உட்காரட்டும், அவனுக்கும் ஒரு படிவம் உண்டு. வரவு செலவு ஒரு வாரத்துக்குள் நோட்டீஸ் போர்டில் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் செயலாளர் சட்டையைப் பிடியுங்கள், நானும் வருகிறேன்.

வேன் வாடகையை இப்போதே விசாரித்துவிட்டேன், கட்டுப்படியாகாது. போளூருக்கு அரசு பஸ் இருக்கிறது. ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸில் புளிசாதம். வருகிறவர்கள் விடுதியில் என் அறைக்கு வந்து பேர் கொடுக்கலாம். பஸ் காசை அப்போதே கொடுத்துவிடுங்கள், "நாளைக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

- இறுதியாண்டு, இயந்திரவியல் (சாண்ட்விச்)