பெயர் ஒன்று, தலைமுறை நான்கு



வீட்டுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குவதென்றால் நாம் நான்கு கடை ஏறி இறங்குகிறோம். எத்தனை வருட உத்தரவாதம், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் அதைவிடப் பல மடங்கு காசு கொடுத்து வாகனம் வாங்கும்போது மட்டும் "அது ஆண்களின் வேலை" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். விற்கப்படுவது நமது காப்பும் மாலையும். ஏறிப் போவது நமது பிள்ளைகள். கேட்க வேண்டிய நாம் மௌனமாக இருக்கலாமா?

பிலிமத்தலாவையில் கொழும்பு - கண்டி வீதியோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். நாம் பொதுவாக "ஜீப்" என்று சொல்லும் உயரமான வாகனங்கள் எத்தனை வகை! வசதி சற்றுக் கூடியதும் பல குடும்பங்கள் விரும்பும் ஒரு பெயர் டொயோட்டா ஹரியர். இந்தப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பது எவ்வளவு தவறு என்பதையே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில் ஹரியர் என்பது ஒரு வாகனம் அல்ல, நான்கு வாகனங்கள்.

முதலாவது ஹரியர் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான ஜீப்கள் லொறியைப் போல் தனிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட கனத்த வாகனங்கள்தான். உயரம் இருக்கும், உறுதி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பவருக்கு உடம்பு குலுங்கும். டொயோட்டா செய்த புதுமை என்னவென்றால், கெம்ரி காரின் அடித்தளத்தை எடுத்து அதன்மேல் உயரமான உடலை அமைத்தது. காரின் மென்மையும் ஜீப்பின் உயரமும் ஒன்றாகக் கிடைத்தன. வெளிநாடுகளுக்கு இதே வாகனம் லெக்சஸ் ஆர்எக்ஸ் என்ற பெயரில் போனது.

முழங்கால் வலியுள்ள உம்மும்மாவுக்கு இதன் அருமை தெரியும். தாழ்ந்த காரில் குனிந்து விழுந்து உட்காரவும் வேண்டாம், பெரிய ஜீப்பில் கைபிடித்துத் தொங்கி ஏறவும் வேண்டாம்.

ஹரியர் என்பது ஒரு பறவையின் பெயர். தமிழில் பூனைப்பருந்து என்பார்கள். திறந்த வெளிகளில் தாழப் பறந்து இரை தேடும் இனம். முதல் மூன்று தலைமுறைகளிலும் வாகனத்தின் முன்முகத்தில் அந்தப் பறவையின் சின்னம் இருந்தது.

இரண்டாவது தலைமுறை 2003 பெப்ரவரியில் வந்தது. நீளமும் அகலமும் கூடின. 2005 மார்ச்சில் 3.3 லீற்றர் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் ரகம் வெளிவந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2009 இல் லெக்சஸ் ஆர்எக்ஸ் புதிய வடிவம் எடுத்துத் தனிவழி போய்விட்டது. ஹரியரோ பழைய வடிவத்திலேயே மேலும் சில ஆண்டுகள் ஜப்பானில் விற்கப்பட்டது. ஆகவே 2010 ஆம் ஆண்டு ஹரியர் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னாலும், அது 2003 இல் வரையப்பட்ட வாகனமே.

மூன்றாவது தலைமுறை 2013 இறுதியில் வந்தது. இது ஜப்பான் மக்களுக்கென்றே தயாரிக்கப்பட்டது. பெரிய ஆறு சிலிண்டர் என்ஜின்கள் போய், 2 லீற்றர் பெற்றோல் என்ஜினும் 2.5 லீற்றர் ஹைபிரிட்டும் வந்தன. 2017 ஜூனில் செய்த மாற்றத்தில் டர்போ என்ஜின் சேர்ந்தது. அதைவிட முக்கியமானது, முன்னே மோதல் ஆபத்து இருந்தால் எச்சரித்து, தேவைப்பட்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு எல்லா ரகங்களுக்கும் வந்தது. 2014 ஹரியரும் 2018 ஹரியரும் வெளியே பார்க்கச் சகோதரர்களைப் போல இருக்கும். பிள்ளைகளின் பாதுகாப்பு என்று வரும்போது இரண்டும் ஒன்றல்ல.

நான்காவது தலைமுறை 2020 ஜூனில் வந்தது. அடித்தளமே புதிது. பறவைச் சின்னம் நீங்கி டொயோட்டாவின் வழமையான சின்னம் முன்முகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் இது வென்சா என்ற பெயரில் 2024 மாடல் வரை விற்கப்பட்டது. வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யக்கூடிய ரகம் 2022 இல் சேர்ந்தது.

நான்கு தலைமுறைகளிலும் மாறாத ஒன்று உண்டு: ஆசனங்கள் ஐந்துதான். உம்மா, வாப்பா, மூன்று பிள்ளைகள் ஏறினால் உம்மும்மாவுக்கு இடமில்லை. ஏழு பேர் போகும் குடும்பத்துக்கு இந்தப் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் பொருந்தாது. வளர்ந்த ஒன்றும் உண்டு. முதல் ஹரியரின் அகலம் 1815 மில்லிமீற்றர். நான்காவதன் அகலம் 1855. நாலு சென்றிமீற்றர்தானே என்று நினைக்காதீர்கள். நமது பக்கத்து மேட்டு ஒழுங்கைகளில், ஒரு பக்கம் மதிலும் மறுபக்கம் கானும் இருக்கும் இடத்தில், அந்த நாலு சென்றிமீற்றர்தான் கண்ணாடியைக் காப்பாற்றும் அல்லது உடைக்கும்.

இனி, பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு வருவோம்.

முதலில் பதிவுச் சான்றிதழை வாங்கிச் செஸி இலக்கத்தைப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள்தான் ரகசியம். 10 அல்லது 15 என்றால் முதல் தலைமுறை. முப்பதுகளில் இருந்தால் இரண்டாவது. அறுபதுகளில் இருந்தால் மூன்றாவது. எண்பதுகளில் இருந்தால் நான்காவது. அடுத்து, தயாரித்த ஆண்டையும் இலங்கையில் பதிந்த ஆண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ரீகண்டிஷனாக வந்த வாகனத்தில் இரண்டும் வேறுபடும்.

முதல் தலைமுறையின் 3 லீற்றர் என்ஜினிலும் முதல் ஹைபிரிட்டின் 3.3 லீற்றர் என்ஜினிலும் டைமிங் பெல்ட் உண்டு. அது ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள். மாற்றிய பற்றுச்சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் செலவு நம் தலையில்தான்.

ஹைபிரிட் என்றால் பெட்டரியைச் சோதிப்பித்து அறிக்கை கேளுங்கள். அதன் பெரிய பெட்டரி பின் ஆசனத்தின் கீழ் இருக்கிறது. அதைக் குளிரவைக்கும் காற்றுத் துவாரம் அருகிலேயே உண்டு. ஆசன உறை, பிள்ளைகளின் புத்தகப் பை, விரிப்பு என்று எதையாவது வைத்து அதை மூடினால் பெட்டரி சூடேறி ஆயுள் குறையும். இதைக் கவனிக்க மெக்கானிக் தேவையில்லை. வீட்டுப் பெண்ணின் கண் போதும்.

பிலிமத்தலாவையில் இருந்து கொழும்புக்குப் போகும்போது கடுகண்ணாவை இறக்கம் வருகிறதல்லவா? அங்கே ஹைபிரிட்டின் மின்மோட்டார் தலைகீழாக வேலை செய்து, சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கிப் பெட்டரியில் சேர்க்கும். ஆனால் நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிரம்பிவிடலாம். அதற்குப் பிறகு பழைய முறைதான்: இறக்கத்துக்குரிய கியர் நிலை, நிதானமான பிரேக். புதிய தலைமுறை வாகனம் என்பதற்காக மலை தன் சாய்வைக் குறைத்துக்கொள்வதில்லை.

எரிபொருளையும் மறந்துவிட வேண்டாம். 2022 நெருக்கடியில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர்தான் ஆரம்பத்தில் கிடைத்தது. 3 லீற்றர் என்ஜினுக்கும் ஹைபிரிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மாதங்கள் நன்றாகவே கற்றுத்தந்தன.

விலை விடயத்திலும் நாம் ஏமாறக் கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்கள் தங்கம் போல விலையேறின. "வாகனம் வாங்கினால் காசு குறையாது" என்ற எண்ணம் அப்போது வேரூன்றியதுதான். அது வாகனத்தின் சிறப்பல்ல, தட்டுப்பாட்டின் விளைவு. ஓடத் தேயும் பொருளைச் சேமிப்பு என்று எண்ணி, மகளின் படிப்புக்கென வைத்த காணித்துண்டை விற்கலாமா? சற்றுச் சிந்தியுங்கள்.

வாகனம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளியை இரவில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாசலில் ஒரு வாகனம் நிற்பது பெரிய நிஃமத்துதான். நான் கேட்பதெல்லாம் ஒன்றே. கணவர் "ஹரியர் ஒன்று பார்த்திருக்கிறேன்" என்று சொல்லும் நாளில், "மாஷா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விடாதீர்கள். "எந்தத் தலைமுறை? பெட்டரி அறிக்கை எங்கே? நாம் எத்தனை பேர் ஏற வேண்டும்?" என்று அன்போடு கேளுங்கள். அந்த மூன்று கேள்விகளுக்கு விடை வந்த பிறகு காப்பைக் கழற்றலாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.