புகையைச் சோதிக்கிறோம், ஸ்ரேறிங்கை யார் சோதிப்பது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் வரிகளும் ரூபாவின் வீழ்ச்சியும் சேர்ந்து, புதிய காரை நடுத்தரக் குடும்பங்களின் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டன. எனவே இருபது, முப்பது வருடப் பழைய யப்பானியக் கார்கள் இன்னும் நீண்ட காலம் எமது வீதிகளில் ஓடத்தான் போகின்றன. ஓடுவது தவறல்ல. எந்த நிலையில் ஓடுகின்றன என்பதே கேள்வி.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும் கார் உரிமையாளரிடம் காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்கிறார்கள். பஸ், லொறிகளுக்குத் தகுதிச் சான்றிதழும் தேவை. தனியார் கார்களுக்கு அது தேவையில்லை. 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னரும் பேச்சு பெரும்பாலும் பஸ்களைச் சுற்றியே இருந்தது. இதே கார்கள் யப்பானில் ஓடிய காலத்தில் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை ‘ஷாக்கென்’ எனப்படும் கட்டாயப் பரிசோதனைக்குச் சென்று வந்தவை. இளமையில் சோதிக்கப்பட்ட வாகனம், முதுமையில் இங்கு யாராலும் சோதிக்கப்படுவதில்லை.

ஸ்ரேறிங்கில் முதலில் தேய்வது பெரும்பாலும் ‘ரை ரொட் என்ட்’. முன் சில்லைத் திருப்பும் தண்டின் முனையில் உள்ள பந்து மூட்டு அது. அதை மூடியிருக்கும் இறப்பர் உறை கிழிந்தால் மழைநீரும் மணலும் உள்ளே போகும், கிறீஸ் கழுவுப்பட்டுவிடும், பந்து ஆடத் தொடங்கும். ஸ்ரேறிங்கைச் சிறிது திருப்பியும் வாகனம் அசையாதிருப்பது, பள்ளத்தில் இறங்கும்போது கேட்கும் ‘டொக்’ சத்தம், ரயர் ஒரு பக்கமாகத் தேய்வது ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் மூட்டு கழன்று, அந்தச் சில்லு ஓட்டுநரின் கட்டுப்பாட்டை விட்டே போய்விடும்.

எனது காரும் 1990களில் தயாரானது. அண்மையில் அதன் இரண்டு ரை ரொட் என்ட்களையும் மாற்ற வேண்டி வந்தது. கடையில் மூன்று வகை காட்டினார்கள்: அசல், மலிவான கொப்பி, யப்பானில் கழற்றிய பழைய பாகம். பழையதுதான் அதிகம் விற்கிறதாம். 2020 தொடக்கத்தில் 180 ரூபாவாக இருந்த டொலர் 300ஐத் தாண்டியபின், இறக்குமதிப் பாகம் வாங்கத் தயங்குபவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தேய்வதற்கென்றே உள்ள மூட்டை ஏற்கெனவே தேய்ந்த இன்னொன்றால் மாற்றுவது மலிவு அல்ல. பாகத்தை மாற்றிவிட்டு வீல் எலைன்மென்ட் செய்யாமல் விடுவதும் அப்படித்தான். அதில் மிச்சம் பிடித்த காசைவிட அதிகமாக ரயருக்குக் கொடுக்க வேண்டிவரும்.

இதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ரை ரொட்டின் ஆட்டம் கைக்குத் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் போல் ஜொயின்ற், பெயரிங் ஆகியவற்றின் நிலை தெரியும். சில நிமிட வேலை. புகைப் பரிசோதனைக்கு எப்படியும் வரும் காருக்கு இதையும் செய்யலாம். முதல் வருடம் எச்சரிக்கை மட்டும் கொடுக்கலாம், பின்னர் கட்டாயமாக்கலாம்.

இன்னொரு சான்றிதழ் என்றால் இன்னொரு இலஞ்சம் என்று மக்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. பஸ்களின் தகுதிச் சான்றிதழ்கள் மீதே எல்லோருக்கும் நம்பிக்கை இல்லை. ஆகவே பரிசோதனையுடன் நிவாரணமும் வரவேண்டும். ஸ்ரேறிங், பிரேக் பாகங்களை ஆடம்பரப் பொருட்களைப்போல் நடத்தாமல், அவற்றின் மீதான வரியை அரசு குறைக்க வேண்டும். பழைய காரையே ஓட்டும் நிலைக்கு மக்களைத் தள்ளிய பொருளாதாரக் கொள்கை, அந்தக் காரைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்கான செலவையும் அவர்களின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.